பிணம் ஏறாத வண்டி

என் புருஷன் சொன்னது பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தவரைக்கும் அது சத்தியம். தெரியாமல் வைத்தவள் நான். அதைக் கேட்டுக்கொண்டு இத்தனை வருஷம் கழிந்து ஒரு மனுஷன் முற்றத்தில் வந்து நிற்பார் என்று யார் கண்டது?

மனசுக்குள் இப்படி ஓடிக்கொண்டிருக்க, ஜெபகனியின் கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. மடியில் வைக்கோல் திணித்த உருண்டைத் தலையணை. அதில் குத்தியிருந்த குண்டூசிகளைச் சுற்றி நூல்கள் போய்வந்தன. நூல் முனைகளில் தொங்கிய மரக்குச்சிகள் ஒன்றோடொன்று தட்டி, புளியங்கொட்டை முறத்தில் உருளுவதுபோல் ஓயாமல் சத்தம் போட்டன. மிஷன் ரேந்தை வேலை, லேஸ் பின்னுவது. சீமையில் யாருடைய மேசைக்கோ போகப்போகும் விரிப்பு. ஓரம் முடிய இன்னும் இரண்டு முழம் இருந்தது.

முற்றத்தில் முருங்கை நிழலில் மைதீன் பிள்ளை குந்தியிருந்தார். தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்தார். சித்திரை வெயில். பார்வதிபுரத்து வயலெல்லாம் அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்தது. கிழக்கே மலைமேல் மேகம் கூடுவதும் பெய்யாமல் கலைவதுமாக நாலு நாளாக ஏய்த்துக்கொண்டிருந்தது.

"ஒத்த வார்த்தை தங்கச்சி. அதுக்குத்தான் கோட்டாத்துல இருந்து நடந்து வாறேன்."

"பிளசர் காரு வச்சிருக்கவிய நடந்தா வருவிய?"

"அந்தப் பிளசர்ல வந்தா ஒங்க தெருவுல ஒரு ஆம்பிள மிஞ்சுவானா? சத்தம் கேட்டதும் ஓடுதானுவ. போலீசு நெறம் வேண்டாம்னு பச்சைப் பெயிண்டு அடிச்சேன். ஹாரனை மாத்தினேன். இஞ்சின் சத்தத்த நான் எங்க கொண்டு மாத்த? போன மாசம் தெரிசனங்கோப்புக்கு ஒரு சவாரி போனேன். சாராயம் காச்சுதவன் ஒருத்தன் பானையோட கெணத்துல சாடிட்டான். அவனைக் கயிறு போட்டுத் தூக்கி, தலை துடைச்சு, நான் மைதீன் பிள்ளைடே, போலீசு இல்லன்னு சொன்னா, அவன் என்ட்ட கேக்கான், பானைக்கு யாரு பொறுப்புன்னு."

ஜெபகனி சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தோன்றியது. உள்ளே போய்ச் சிரட்டையில் அக்கானி ஊற்றிக்கொண்டு வந்தாள். காலையில் பனையேறி கொடுத்துவிட்டுப் போன பதநீர். வெயிலுக்கு இன்னும் புளிக்கவில்லை. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் வந்த காரியம் இதுதான். நாகர்கோவில் போலீசிடம் ரோந்துக்கு மூன்று மோட்டார் வண்டிகள் இருந்தன. ஒரே அச்சு, ஒரே நிறம். மூன்று வருஷத்துக்கு முன்னால், 1934-இல், ஓடி ஓய்ந்தது என்று மூன்றையும் ஒரே நாளில் ஏலம் விட்டார்கள். நம்பர் தகடுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு உடலை மட்டும் கொடுத்தார்கள். ஒன்று மைதீன் பிள்ளைக்கு. ஒன்று குளச்சலுக்கு. ஒன்று கொட்டாரத்துக்கு. மைதீன் பிள்ளை அதைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டார். இப்போது கல்யாணச் சவாரி ஒன்று வந்திருக்கிறது. வடசேரி செல்வதாஸ் வாத்தியார் மகள் லீலாபாய்க்கு வருகிற வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம். வேதக்கோயிலில் இருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் பிளசரில் போக வேண்டும் என்று ஆசை. அதற்குள் யாரோ ஊதிவிட்டார்கள்: போலீசு வண்டியில் பிணம் ஏற்றியிருப்பார்கள், அதிலா கல்யாணப் பெண்ணை ஏற்றுவது?

அது இல்லாத பேச்சும் இல்லை. தூக்குப் போட்டவன், கடலில் ஒதுங்கியவன், வெட்டுப்பட்டவன் என்று ரோந்து வண்டிகள் சுமந்தது ஊருக்குத் தெரியும். ஆனால் மூன்றில் ஒன்று மட்டும் சுமக்கவில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். அது ஆபேல் டிரைவர் ஓட்டிய வண்டி. ஆபேல், ஜெபகனியின் புருஷன்.

"அந்த ஒண்ணு எதுன்னு பாக்க ஒரு வாரமா அலையுதேன்" என்றார் மைதீன் பிள்ளை. "குளச்சலுக்குப் போனேன். மேல் கூட்டை வெட்டி எறிஞ்சிட்டு மீன் ஏத்துதான். பூனை ஒரு படை அது பின்னால ஓடுது. அதை ஓட்டின பழைய டிரைவரைக் கண்டுபிடிச்சுக் கேட்டா, நான் ஏத்தாத பிணம் இந்தத் தாலூக்காவுல உண்டுமான்னு நெஞ்ச நிமித்துதான். பொறவு கொட்டாரம். அங்க வண்டியே இல்ல. இஞ்சினைப் பிடுங்கி வயலுக்குத் தண்ணி எறைக்கான். சக்கரத்த வண்டிக்காரன் கொண்டுபோயிட்டான். சீட்டுல நாயி குட்டி போட்டுக் கெடக்கு. அதுவும் பிணம் ஏத்தினதுதான், வட்டக்கோட்டையில ஒதுங்கினதுகளை அதுலதான் கொண்டுவருவானுவன்னு அந்த ஊருக்காரனே சொல்லுதான். அப்பம் மிச்சம் எது?"

"ஒங்களுக்குள்ளது."

"அதான். ஆபேலு ஓட்டினது என் வண்டி. நாளைக்கு வாத்தியார் வீட்டுக்குக் கொண்டு போறேன். நீ வந்து பாத்து, அவிய முன்னால, இந்த வண்டியில பிணம் ஏறினதில்லன்னு சொல்லணும். நான் சொன்னா வியாபாரம்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. இந்த ஒரு கல்யாணம் ஓடிச்சுன்னா நாலு ஊர்க் கல்யாணம் பின்னால வரும். இல்லன்னா என் வண்டியும் குளச்சலுக்கு மீன் சுமக்கத்தான் போவணும். பெத்த பிள்ளையையே மாட்டு வண்டியில கொண்டு வந்த மனுசன்! அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மரக்குச்சிகளின் சத்தம் நின்றது. மைதீன் பிள்ளைக்கு உடனே உறைத்தது.

"மறந்து சொல்லிட்டேன் தங்கச்சி. மனசுல வைக்காத."

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நாளைக்கு வாறேன்" என்றாள்.

அவர் போன பிறகும் அவள் குச்சிகளைத் தொடவில்லை. எது ஆபேலின் வண்டி என்று கண்டுபிடிக்க அவர் குளச்சலுக்கும் கொட்டாரத்துக்கும் அலைந்திருக்க வேண்டாம். அவளிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை தக்கலை ரோட்டில் அந்தச் சத்தம் போகும். ஏற்றத்தில் ஒரு இருமல், பிறகு ஒரு நீண்ட மூச்சு. தூரத்தில் கேட்கும்போதே அவள் விரல்கள் நின்றுவிடும். கரைந்து போனபிறகுதான் விட்ட நூலைத் தேடி எடுப்பாள். ஆபேல் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டுக்கு அவரைப்போல் வந்து போவது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

வண்டி என்றால் ஆபேலுக்கு உயிர். சோறு தின்ற கையை இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் தொடுவார். போலீசு லைனில் குடியிருந்த காலத்தில் பெண்டாட்டி பிள்ளைகள் அதன் நிழலில்கூட நிற்கக் கூடாது, சர்க்கார் வண்டி. பிணம் ஏற்றமாட்டேன் என்ற பிடிவாதம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை வட்டக்கோட்டைக் கரையில் ஒதுங்கியவனை ஏற்று என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது, கையைக் கட்டிக்கொண்டு, "ஏமானே, ஏத்துதேன். நாளைக்குக் காலத்த அந்த சீட்டுல ஏமான்தான் இருக்கணும்" என்றாராம். இன்ஸ்பெக்டர் மாட்டு வண்டிக்கு ஆள் அனுப்பினார். இதைச் சொல்லிச் சிரிக்காத போலீசுக்காரன் இல்லை.

பிறகு மகள் சாராளுக்குத் தொண்டை அடைத்தது.

எட்டு வயசு. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் விடியும்போது தொண்டைக்குள் வெள்ளை படர்ந்து மூச்சு இழுத்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். இன்ஸ்பெக்டர் திருவனந்தபுரம் போயிருந்தார். ஆபேல் வண்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "ஏறு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக, பிறகு எது நடந்தபோதும், ஜெபகனியால் அவரை முழுசாக வெறுக்க முடியாமல் போயிற்று.

பின் சீட்டில் அவள். மடியில் பிள்ளை. கைதிகளும் கான்ஸ்டபிள்களும் மட்டும் உட்கார்ந்த சீட்டு. சாராளுக்கு அந்த நிலைமையிலும் கண் விரிந்தது. "அம்மா, நம்மள பிடிச்சிட்டுப் போறாவளா?" என்று கேட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. சுங்கான்கடை தாண்டும்போது, "அப்பாவ ஹாரன் அடிக்கச் சொல்லு" என்றாள். ரோட்டில் ஆடு இல்லை, மாடு இல்லை. ஆபேல் அடித்தார். இரண்டு முறை அடித்தார்.

அதற்குப் பிறகு வில்லுக்குறி வருவதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது. அழுகையோ துடிப்போ இல்லை. மடியில் கிடந்த பாரம் வேறுமாதிரி ஆயிற்று, அவ்வளவுதான். பெற்றவளுக்குத் தெரியாதா? ஜெபகனி வாயைத் திறந்தாள். முன்னால் ஆபேலின் பிடரி தெரிந்தது. வேர்வையில் சட்டைக் காலர் நனைந்து ஒட்டியிருந்தது. வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தார், பிள்ளை பிழைத்துவிடும் என்கிற வேகம். அவள் வாயை மூடிக்கொண்டாள். கூவல் வந்துவிடாமல் இருக்க இடது கையால் சீட்டின் ஓரத்தைப் பற்றினாள். பழைய தோல். தையல் பிரிந்து ஒரு சாண் நீளத்துக்குக் கையோடு வந்தது.

இரணியல் பிரிவு, வாழைக்குலை ஏற்றிய வண்டிகள், பனையடியில் பானை இறக்குகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள். எல்லாம் கடந்து போயின. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பிள்ளையைக் கிடத்திய பிறகுதான், "போயிட்டா" என்று சொன்னாள். அவர் அப்போதுதான் போயிற்று என்று நினைத்தார். சாகும்வரைக்கும் அப்படியே நினைத்தார்.

ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியை அவள் ஒன்பது வருஷமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் மனசு உடைந்து வண்டியை எங்காவது மோதிவிடுவார் என்ற பயம் என்று சில நாள் தோன்றும். இன்னும் கொஞ்ச தூரம் அவருக்குப் பிள்ளை உயிரோடு இருக்கட்டும் என்ற இரக்கம் என்று சில நாள். ஆனால் மழைக்கால மத்தியானங்களில், ஆளரவம் இல்லாமல் கிடக்கும் இந்த வீட்டில், மூன்றாவது ஒன்று எழுந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல்லியிருந்தால் அவர் வண்டியை நிறுத்தியிருப்பார். நிறுத்தி, எங்களை இறக்கி ரோட்டோரத்தில் விட்டிருப்பாரோ? அந்தப் பயம்தான் என் வாயை அடைத்ததோ?

திரும்பி வரும்போது அதற்குப் பாதிப் பதில் கிடைத்தது. ஆபேல் போய் ஒரு மாட்டு வண்டி பேசிக்கொண்டு வந்தார். வைக்கோல் பரப்பி, அவளையும் பிள்ளையையும் அதில் ஏற்றினார். காலையில் புறப்பட்ட மாட்டு வண்டி சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்தது. அத்தனை தூரமும் ஆபேல் பின்னாலேயே, மாட்டின் நடைக்கு மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்தார். பின் சீட்டு காலி. அழுது அழுது ஓட்டினார். ரோட்டில் நின்ற ஜனம் மோட்டாரைப் பார்த்தது, மாட்டு வண்டியைப் பார்த்தது. ஜெபகனி பிள்ளை முகத்தில் வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்து நின்று, "சர்க்கார் சீட்டு கிழிஞ்சு கெடக்கு. தைச்சுத் தாறியா?" என்று கேட்டார். எப்படிக் கிழிந்தது என்று கேட்கவில்லை. அவள் கோணி ஊசியும் மெழுகு நூலும் கொண்டுபோய்த் தைத்துக் கொடுத்தாள். நிழலில்கூட நிற்கக் கூடாத வண்டிக்குள் அன்று அரை நாள் தனியாக இருந்தாள். அதற்குப் பிறகு ஊர் அவரைப் பற்றிச் சிரிப்பதை நிறுத்திவிட்டது. பெத்த பிள்ளையையே ஏற்றாதவன் என்று குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் வாத்தியார் வீட்டு முற்றத்தில் பலா மரத்தடியில் வண்டி நின்றது. பச்சை நிறம். முன்னால் செவ்வரளிச் சரம். நேற்று ராத்திரி பெய்த சிறு மழையில் மண் மணத்தது. பின்கட்டில் கல்யாணப் பலகாரத்துக்கு மாவு வறுக்கும் வாசம். செல்வதாஸ் வாத்தியார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் மனைவி இசபெல் அதற்குப் பத்தடி தள்ளி நின்றாள். ரேந்தைக்காரிகளுக்கு நூலும் மாதிரியும் கொடுத்து, முடிந்ததை விரித்துப் பார்த்துக் குறை சொல்லி வாங்குகிறவள் அவள்தான். ஜெபகனியைக் கண்டதும் விரிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். பிறகுதான் காரியத்துக்கு வந்தாள்.

"நாம வேதக்காரங்க. சகுனம் கிகுனம் ஒண்ணும் பாக்கப்பிடாது. ஆனா சம்மந்தக்காரி, அந்த மார்த்தாண்டத்துக்காரி, பாப்பா. நாளைக்கு எம் மவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் பிணவண்டியில ஏத்தி அனுப்பினாளேன்னு என்னையில்லா சொல்லுவா?"

"மார்த்தாண்டத்துக்காரி கெடக்கட்டும்" என்றார் வாத்தியார். "ராத்திரி முழுக்க என்னை ஒறங்கவிடாம பிணம் பிணம்னது ஆரு?"

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்குப் பிளசர்ல ஏறணும். அதுதானே?"

மைதீன் பிள்ளை பின் கதவைத் திறந்தார். சீட்டின் மேல் புதுசாகப் போட்டிருந்த பூத்துணி உறையை உருவினார். அடியில் பழைய தோல், கறுத்து, மினுங்கிக்கொண்டு. அதன் ஓரத்தில் ஒரு சாண் நீளத் தையல்.

"மத்த ரெண்டு வண்டியிலயும் பாத்தேன், இது கெடையாது. இங்க மட்டும்தான். இது யாரு தையல்னு நீங்களே சொல்லுங்க வாத்தியாரம்மா."

இசபெல் பத்தடியையும் மறந்து குனிந்தாள். விரலால் தடவினாள். "இது நம்ம ரேந்தை முடிச்சுல்லா! ஒவ்வொரு குத்துக்கும் திரும்பிப் போட்டிருக்கா. இப்படி இழுத்துப் போடுதவ இவ ஒருத்திதான். எத்தனை தடவை நான் ஏசியிருக்கேன், இறுக்காதட்டி, நூல் சாவும்னு." நிமிர்ந்து ஜெபகனியைப் பார்த்தாள். "நீ தைச்சதுதானே?"

"நான்தான் தைச்சேன்."

"அப்பம் இது ஆபேல் வண்டிதான்."

"அவிய வண்டிதான் வாத்தியாரம்மா."

மைதீன் பிள்ளையின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. "நான் சொல்லல்லியா! ஒரு வாரம் அலைஞ்சதுக்குப் படைச்சவன் கூலி தந்துட்டான்."

ஜெபகனி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நினைவில் இருந்ததைவிட அகலம் குறைவாக இருந்தது. எட்டு வயசுப் பிள்ளை காலை நீட்டினால் கதவில் முட்டும். முட்டாமல் இருக்க அன்று முழங்காலை மடக்கித்தான் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் அந்தச் சின்ன முழங்காலின் உருண்டை இப்போதும் வந்து உட்கார்ந்தது.

கதவு மறைவிலிருந்து லீலாபாய் தலையை நீட்டினாள். மஞ்சள் பூசியதுபோல் முகமெல்லாம் வெட்கம். "அக்கா, இதுல இருந்தா ரொம்ப ஆட்டுமா? எனக்குக் குமட்டும்."

"ஆட்டாது மக்கா" என்றாள் ஜெபகனி. "நல்லா போவும். தொட்டில் மாதிரி போவும்."

"நீங்க ஏறியிருக்கியளா?"

"ஒரு தடவ."

"அடி, உள்ள போ நீ" என்று மகளை விரட்டிவிட்டு, இசபெல் ஜெபகனிக்கு நேராக வந்து நின்றாள். "சரி, வண்டி அதுதான். இனி நீ வாயத் தொறந்து சொல்லிரு. இந்த வண்டியில பிணம் ஏறினதில்லன்னு. அதுபோதும் எனக்கு. மார்த்தாண்டத்துக்காரி கேட்டா, ஆபேல் டிரைவர் பெண்டாட்டியே சொன்னான்னு நான் சொல்லிக்கிடுவேன்."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

ஏறினதில்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூச்சு விடுகிற நேரம். சொன்னால் இந்த மனுஷன் பிழைப்பான். அந்தப் பெண் ஆசைப்பட்டபடி போவாள். செத்துப்போன ஆபேலின் பேர் நிற்கும். ஆனால் சுங்கான்கடையிலிருந்து நெய்யூர் வரைக்கும் என் மடியில் இருந்தது யார்? அந்த வழியெல்லாம் நான் பிடித்திருந்தது எதை? இல்லை என்று சொன்னால் அந்தத் தூரம் இல்லாமல் போகும். அது ஒன்றுதான் அவளும் நானும் சேர்ந்து போன வழி. ஏறினது என்று சொன்னாலோ, என் சாராளை என் வாயால் பிணம் என்று சொல்ல வேண்டும். ஊர் அவளை எடுத்துக்கொள்ளும். அந்தப் பிணம் ஏறின வண்டி, அந்தப் பிணம் ஏறின வண்டி என்று சந்தைக்குச் சந்தை சொல்லும்.

"என்னட்டி, இவ்வளவு நேரமா யோசிக்கே?" என்றாள் இசபெல்.

"எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிட்டேன் வாத்தியாரம்மா. தையல் என்னது. வண்டி அவியளுது. மத்தது என்ட்ட கேக்காதீங்க."

"அது என்ன பேச்சு? அப்பம் ஏறிச்சா?"

"அப்படியும் நான் சொல்லல."

"ரெண்டும் இல்லன்னா பின்ன என்னத்துக்கு வந்த? ஒரு வார்த்தைக்கு என்ன வெல கூட்டிக் கேக்கியா?"

"இசபெல்!" என்றார் வாத்தியார்.

"நான் கேட்டதுல என்ன தப்பு? பெத்த பிள்ளையையே ஏத்தல்லன்னு ஊரே சொல்லுது. கட்டினவ சொல்ல மாட்டேங்கா. அப்பம் எனக்கு என்ன தோணும்?"

ஜெபகனி இசபெல்லின் முகத்தைப் பார்த்தாள். நாளைக்கு நூல் வாங்கப் போகும்போது இந்த முகத்தைத்தான் பார்க்கவேண்டும். விரிப்பில் இல்லாத குறையெல்லாம் வரும். வரட்டும் என்று நினைத்தாள்.

மைதீன் பிள்ளை பூத்துணி உறையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒருமுறை சீட்டைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். ஏதோ ஒன்று அவருக்குத் தட்டுப்பட்டதுபோலவும், அதைத் தொட அவருக்கே மனசு இல்லாததுபோலவும் இருந்தது. ஆனாலும் வீட்டில் ஏழு வயிறு இருக்கிற மனுஷன். அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நீ பேசாண்டாம் தங்கச்சி. வாயே தொறக்காண்டாம். நான் கேக்கேன், ஏறல்லதானேன்னு. நீ தலைய மட்டும் ஒரு ஆட்டு ஆட்டு. பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

அவர் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்க ஜெபகனிக்குக் கஷ்டமாக இருந்தது. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தலையும் ஆட்ட மாட்டேன் அண்ணாச்சி" என்றாள்.